பியர்டட் டிராகனுக்குக் குழந்தைகளின் பூச்சி சிரப் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். கோவையில் இருந்து எழுதுகிறேன். பிளஸ் ஒன் படிக்கும் மகளின் ஆசைக்காக ஒரு பியர்டட் டிராகன் (ஓணான் போன்ற வெளிநாட்டுப் பல்லி) வாங்கினோம். இப்போது எட்டு மாதம் இருக்கும். ஏற்கெனவே மூன்று வயது சல்கேட்டா ஆமையும் வீட்டில் இருக்கிறது. இரண்டும் மாலையில் ஒரே மொட்டைமாடியில்தான் உலாவும். கொஞ்ச நாளாக டிராகன் வளரவே இல்லை. 180 கிராமிலேயே நிற்கிறது. மலம் தண்ணீராகப் போகிறது, அறையே நாறுகிறது. முன்பெல்லாம் பூச்சியைப் பார்த்தால் பாயும், இப்போது பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. மலப் பரிசோதனை செய்தோம். டிராகனுக்கு 'ஆக்ஸியூரிட் முட்டைகள் ஒரு பிளஸ், காக்சிடியா மூன்று பிளஸ்' என்றும், ஆமைக்கு 'ஆக்ஸியூரிட் ஒரு பிளஸ், சிலியேட் இரண்டு பிளஸ்' என்றும் வந்திருக்கிறது. எங்கள் டாக்டர் நாய், பூனைதான் அதிகம் பார்ப்பவர். மருந்தின் அளவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதற்குள் விற்ற கடைக்காரர், டிராகனுக்குக் குழந்தைகளுக்கான அல்பெண்டசோல் சிரப் அரை மில்லி கொடுங்கள், ஆமைக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்டுவிடுங்கள் என்கிறார். மாமியார் வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். நாலு வயது மகனுக்கு இந்தப் புழு தொற்றிவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். துணைக்கு இன்னொரு டிராகன் வாங்கித் தருவதாகக் கொழுந்தனார் வேறு சொல்லியிருக்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சிரப்பையும் ஊசியையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

கடைக்காரர் சொன்ன அரை மில்லியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் அல்பெண்டசோல் சிரப்பில் 5 மில்லிக்கு 200 மில்லிகிராம் மருந்து இருக்கும். அரை மில்லி என்றால் 20 மி.கி. உங்கள் டிராகனின் எடை 180 கிராம். ஆக, ஒரு கிலோ உடல் எடைக்கு 110 மி.கி.க்கும் மேலே போகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 400 மி.கி. மாத்திரையை விழுங்கினால் அவருக்குக் கிலோவுக்கு ஏழு மி.கி.கூட வராது. அரை மில்லி என்பது கண்ணுக்குச் சொட்டுப் போலத் தெரிவதால் வரும் தைரியம் இது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிப்ரவரி, ஆகஸ்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குடற்புழு மாத்திரையும் இதே மருந்துதான். இரண்டு வயது தாண்டிய எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு, எடை பார்ப்பதில்லை. அதைப் பார்த்துப் பழகிய கைக்கு ஊர்வனவற்றுக்கும் அப்படியே கொடுக்கத் தோன்றும். ஆனால் அல்பெண்டசோல் வகையைச் சேர்ந்த மருந்துகள் அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையையும் குடலின் உள்தோலையும் தாக்கும். அல்பெண்டசோலைவிடப் பாதுகாப்பானது என்று நாங்கள் நம்பும் ஃபென்பெண்டசோல்கூட, ஹெர்மன் ஆமைகளுக்குத் தொடர்ந்து சில நாள் கொடுத்தபோது வெள்ளையணுக்களைக் குறைத்தது பதிவாகியிருக்கிறது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உங்கள் டிராகனை வாட்டுவது காக்சிடியா. அது புழுவே இல்லை, ஒற்றைச் செல் உயிரி. அல்பெண்டசோலை நம்பி அதை விரட்ட முடியாது. சிரப்பைக் கொடுத்திருந்தால் பக்கவிளைவு வந்திருக்கும், நோய் அப்படியே இருந்திருக்கும்.

ஆமைக்கு ஐவர்மெக்டின் என்பது இன்னும் மோசமான யோசனை. நாய்க்கும் மாட்டுக்கும் அன்றாடம் போடும் மருந்துதான். ஆனால் ஆமை இனத்துக்கு அது நரம்பைத் தாக்கி, கை கால் கழுத்தெல்லாம் தொய்ந்துபோகச் செய்யும், மூச்சு நின்று சாகவும் வைக்கும். 1983-லேயே இதைச் சோதித்து எழுதிவிட்டார்கள். ஊர்வன மருத்துவம் படிக்கும் யாருக்கும் முதல் பாடமே இதுதான். ஆமைக்கு எந்த அளவிலும், ஊசியாகவோ வாய்வழியாகவோ, ஐவர்மெக்டின் வேண்டாம். கடைக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள். உங்களுக்குச் சொன்னதையே அவர் இன்னும் எத்தனை பேருக்குச் சொல்கிறாரோ!

சரி, இப்போது அறிக்கையைப் படிப்போம்.

ஆக்ஸியூரிட் என்பது ஊசிப்புழு வகை. பல்லி, ஓணான், ஆமை ஆகியவற்றின் வயிற்றில் இது இல்லாமல் இருப்பதுதான் அபூர்வம். ஒரு பிளஸ் என்றால் குறைந்த எண்ணிக்கை. அந்த அளவில் இருக்கும் ஊசிப்புழு பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் செய்யாது. புல் தின்னும் ஆமைகளின் பெருங்குடலில் இவை மலக்கட்டியைக் கிளறிவிட்டு உதவி செய்கின்றன என்று கருதுபவர்களும் உண்டு. இன்னொரு சங்கதி: டிராகன் தின்னும் கிரிக்கெட் பூச்சிக்கும் கரப்பான் வகைகளுக்கும் அவற்றுக்கே சொந்தமான ஊசிப்புழுக்கள் இருக்கின்றன. அந்த முட்டைகள் டிராகனின் குடலில் சும்மா பயணம் செய்து மலத்தில் வந்து விழும். எலி தின்னும் பாம்பின் மலத்தில் எலியின் புழு முட்டை தெரிவதும் இப்படித்தான். பரிசோதகர் ஊர்வன பார்த்துப் பழகாதவராக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிடுவார். அதனால் 'முட்டை தெரிகிறது, உடனே மருந்து' என்ற அவசரம் எனக்கு உடன்பாடில்லை.

மூன்று பிளஸ் காக்சிடியா அப்படியில்லை. நம் ஊரில் பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் யாரிடமாவது ரத்தக் கழிச்சல் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். அந்த நோயைக் கொண்டுவரும் கூட்டத்தின் தூரத்து உறவுதான் பியர்டட் டிராகனில் வரும் ஐசோஸ்போரா என்ற காக்சிடியா. கோழியினுடையது டிராகனுக்கு வராது, டிராகனுடையது கோழிக்குப் போகாது. செய்யும் வேலை மட்டும் ஒன்றே. குடலின் உள்தோல் செல்லுக்குள் புகுந்து, பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த செல்லுக்குள் புகும். குடல் புண்ணாகி உணவு உறிஞ்சுவது நின்றுபோகிறது. தண்ணீர்க் கழிச்சல், நாற்றம், ஏறாத எடை, பூச்சியைப் பார்த்தும் பாயாத சோம்பல் என நீங்கள் எழுதிய எல்லாமே இதோடு பொருந்துகிறது. ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டிகளைத்தான் இது அதிகம் படுத்தும்.

இதற்கு நான் முதலில் நினைப்பது டோல்ட்ராசூரில் என்ற மருந்து. செல்லுக்குள் பெருகும் கட்டத்திலேயே அது காக்சிடியாவைக் கொல்கிறது. பியர்டட் டிராகனுக்குக் கிலோவுக்கு 5 முதல் 15 மி.கி. வரை, தினம் ஒரு வேளை, மூன்று நாள் என்பது ஊர்வன மருத்துவத்தில் புழங்கும் அளவு. உங்கள் டாக்டர் அளவைத் தேடிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து அவரைக் குறைவாக நினைக்க வேண்டாம். தெரியாததைப் பார்த்துச் சொல்கிறேன் என்கிற டாக்டர் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். முடிவு அவருடையது, ஏனென்றால் விலங்கைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் அவர்தான்.

இங்கேயும் கணக்கில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 180 கிராமுக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் என்றால் மொத்தம் 2.7 மி.கி. டோல்ட்ராசூரில் நம் ஊரில் கோழிக்கும் கன்றுக்குட்டிக்கும் என்று 2.5 சதவீதம், 5 சதவீதம் என்ற வீரியங்களில் வருகிறது. 5 சதவீதத்தில் ஒரு மில்லிக்கு 50 மி.கி. உங்களுக்குத் தேவை 0.054 மில்லி. சிரிஞ்சில் அதை யாராலும் சரியாக இழுக்க முடியாது. ஆகவே நீர்க்கச் செய்துதான் தர வேண்டும், அதை டாக்டரோ அவருடைய மருந்தாளுநரோ செய்து தரட்டும். கோழிக்குக் குடிதண்ணீரில் கலக்கக் கொடுக்கும் 2.5 சதவீதக் கரைசல் காரத்தன்மை மிக்கது, அப்படியே வாயில் விட்டால் நாக்கும் உள்வாயும் வெந்துபோகும். நீர்க்கச் செய்ததுதானா என்பதை மட்டும் தவறாமல் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்க்கு மருந்து விட ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது இருந்தால் அவருடைய இன்சுலின் சிரிஞ்சை எடுக்காதீர்கள். அதில் 40 என்று இருப்பது யூனிட் கோடு, மில்லிக் கணக்கு இல்லை, எண் குழப்பிவிடும்.

கொடுக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. தாடியைப் பிடித்து இழுத்து வாயைப் பிளக்க வேண்டாம், தாடை மெல்லியது. மூக்கின் நுனிக்குக் கீழே, உதட்டோரம் ஒரு சொட்டு வையுங்கள். பெரும்பாலான டிராகன்கள் நாக்கை நீட்டி நக்கிவிடும். நக்க நக்க அடுத்த சொட்டு. அவசரப்பட்டு உள்ளே பீய்ச்சினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அதன் வாயில் மூச்சுத்துளை நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது.

டோல்ட்ராசூரில் கிடைக்காவிட்டால் சல்ஃபா வகை மருந்தை டாக்டர் யோசிக்கலாம். அது பழைய மருந்து, வேலை செய்யும். ஆனால் உடலில் நீர் வற்றியிருந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கழிச்சலில் இருக்கும் டிராகன் ஏற்கெனவே நீர் வற்றித்தான் இருக்கும். எந்த மருந்தானாலும் தினம் ஒருமுறை வெதுவெதுப்பான, தோள்மட்டம் தாண்டாத தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் உட்காரவையுங்கள். பெரும்பாலும் அந்தத் தண்ணீரிலேயே மலம் கழிக்கும். அதைக் கழிப்பறையில் ஊற்றுங்கள், சமையலறைத் தொட்டியில் வேண்டாம். அந்த டப்பை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

ஊசிப்புழுவுக்கு இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள், அது தவறும் அல்ல. ஆனால் இளைத்துப்போன 180 கிராம் உடம்புக்குள் ஒரே வாரத்தில் இரண்டு மருந்தைத் திணிக்க எனக்கு மனம் வராது. காக்சிடியா அடங்கட்டும். தொட்டியைச் சுத்தமாக வைத்தாலே ஊசிப்புழு எண்ணிக்கை இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மறுபரிசோதனையில் அது இரண்டு மூன்று பிளஸ் என்று ஏறியிருந்தால் அப்போது ஃபென்பெண்டசோல், கிலோவுக்கு 25 மி.கி., இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. 180 கிராமுக்கு அது 4.5 மி.கி. 2.5 சதவீதக் கரைசலில் 0.18 மில்லி. அதே மருந்து 10 சதவீதத்திலும் விற்கிறது, அதில் 0.045 மில்லிதான். பாட்டிலில் எழுதியிருக்கும் சதவீதத்தைப் பார்க்காமல் 'போன தடவை இவ்வளவு கொடுத்தோம்' என்று இழுத்தால் நான்கு மடங்கு போய்விடும்.

இனி தொட்டி. மருந்தைவிட இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் காக்சிடியா சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மருந்து குடலுக்குள் இருப்பதைத்தான் கொல்லும். மலத்தோடு ஏற்கெனவே வெளியே வந்து மணலில் கிடக்கும், முட்டை போன்ற காக்சிடியா உறைகளை அது தொடுவதே இல்லை. அந்த உறைகள் வெளியே வந்து சீக்கிரமே முற்றி, தொற்றத் தயாராகிவிடும். டிராகன் மலத்தின்மேல் நடக்கும், அந்தக் காலோடு உணவுத் தட்டில் ஏறும், தட்டை நக்கும். அவ்வளவுதான், மூன்று நாள் மருந்தும் வீண்.

உங்கள் தொட்டியில் கீழே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மணலோ தேங்காய் நார்த்தூளோ என்றால் மருந்து தொடங்கும் அன்றே முழுவதையும் அள்ளி மூட்டை கட்டிக் குப்பையில் போடுங்கள். தோட்டத்திலோ மாடித் தொட்டிச் செடிகளிலோ கொட்டிவிடாதீர்கள், ஆமை அங்கேதான் மேயும். சிகிச்சை முடியும்வரை கீழே வெறும் செய்தித்தாள் அல்லது டிஷ்யூ பேப்பர். அழகாக இருக்காது, பரவாயில்லை. மலம் கழித்தது கண்ணில் பட்டதுமே தாளோடு சுருட்டி எடுங்கள், நாளில் ஒருமுறையாவது தாள் முழுவதையும் மாற்றுங்கள். ஏறி உட்கார வைத்திருக்கும் கட்டை, பிளாஸ்டிக் செடி, தொங்கும் வலை எல்லாம் வெளியே. கட்டையின் வெடிப்புக்குள் போனதைக் கழுவி எடுக்க முடியாது, தூக்கி எறிந்துவிட்டுப் பிறகு புதிதாக வாங்கிக்கொள்ளலாம். உள்ளே ஒரு செராமிக் டைல், ஒரு தட்டு, ஒரு மறைவிடம் போதும்.

தின்னாமல் விட்ட கிரிக்கெட் பூச்சிகளை இரவில் தொட்டியில் விட்டுவைக்காதீர்கள். அவை மலத்தை மொய்த்து, காலில் உறைகளை ஒட்டிக்கொண்டு திரியும். காலையில் டிராகன் அந்தப் பூச்சியைத் தின்னும். பசித்த பூச்சிகள் தூங்கும் டிராகனின் தோலையே கடித்து வைப்பதும் உண்டு. பூச்சியை ஒரு வழுக்கும் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள்.

எதைக் கொண்டு கழுவுவது? பினாயில் வேண்டவே வேண்டாம். ஃபீனால் கலந்த கிருமிநாசினிகள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. டெட்டாலையும் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். பிளீச்சிங் பவுடர் சால்மனெல்லா போன்ற பாக்டீரியாவைக் கொல்லும், காக்சிடியா உறை அதற்கு அசைவதில்லை. அம்மோனியா கொல்லும், ஆனால் வீட்டுக்குள் அதன் நெடி தாங்காது. பிளீச்சிங்கோடு தெரியாமல் கலந்துவிட்டால் நச்சு வாயு வரும். நாலு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த விஷப்பரீட்சை எதற்கு? உங்களிடம் இருக்கும் ஆயுதம் சூடுதான். முதலில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலும் பிரஷ்ஷும் வைத்து அழுக்கு முழுவதும் போகத் தேய்த்துவிட வேண்டும். அழுக்கு இருந்தால் அதற்கடியில் உறை தப்பிக்கும். அப்புறம் டைல், கிண்ணம், செராமிக் சாமான் மேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். கண்ணாடித் தொட்டியில் கொதிநீரைக் கொட்டினால் விரிசல் விட்டுவிடும். அதற்குத் துணிக்கு ஆவி காட்டும் ஸ்டீமர் நல்லது, மூலை மூலையாக, இணைப்புகளில் நின்று நிதானமாகக் காட்ட வேண்டும். கடைசியில் நாள் முழுக்க வெயிலில் காயப்போடுங்கள். ஈரம் வற்றினால் உறைகள் பிழைப்பது கடினம், கோவை வெயில் அந்த வேலையை இலவசமாகச் செய்து தரும். இந்தப் பெரிய சுத்தம் மருந்து தொடங்கும் நாளில் ஒருமுறை, முடியும் நாளில் ஒருமுறை. நடுவில் தினசரித் தாள் மாற்றல் போதும்.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி சொன்னதாகிவிடும். இவை வெளிச்சூட்டை வாங்கித்தான் உடம்பை நடத்துகின்றன. செரிப்பதும், மருந்து உடம்பில் சேர்வதும், கழிவதும், நோயை எதிர்ப்பதும் அந்தச் சூட்டைப் பொறுத்தது. விளக்கடியில் உட்காருமிடம் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், மறுகோடி 25 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்திருக்க வேண்டும். தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் வட்ட மீட்டரை நம்பாதீர்கள், அது காற்றைத்தான் அளக்கிறது, அதுவும் சுமாராக. அகச்சிவப்பு வெப்பமானியை டிராகன் உட்காரும் கல்லின் மேல் நீட்டிப் பாருங்கள். புற ஊதாக் கதிர் தரும் யு.வி.பி. விளக்கு வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தால், எரிந்துகொண்டிருந்தாலும், மாற்றிவிடுங்கள். வெளிச்சம் வரும், உள்ளிருக்கும் கதிர் குறைந்துபோயிருக்கும்.

வேப்பங்கொழுந்து விஷயத்தில் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்து வளர்த்த கை அது. ஆனால் ஏற்கெனவே சாப்பாட்டைப் பார்த்து முகம் திருப்பும் டிராகனின் வாயில் கசப்பைத் தடவினால், மறுநாள் உங்கள் கையைப் பார்த்தாலே ஓடும். பல்லி இனத்துக்கு அதன் அளவு என்ன என்பதற்கும் கணக்கில்லை. கழிச்சலுக்குத் தயிர் கொடுக்கும் பழக்கமும் இங்கே உதவாது, பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஏற்பாடு ஊர்வனவற்றுக்குக் கிடையாது.

ஆமைக்கு வருகிறேன். அதன் மலம் கெட்டியாக, புல் நார் தெரிய இருக்கிறதா? மேய்கிறதா? தூக்கினால் கனக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் எந்த மருந்தும் வேண்டாம். சிலியேட்டுகள் புல் தின்னும் ஆமையின் குடலில் வழக்கமாகக் குடியிருக்கும் ஒற்றைச் செல் உயிரிகள். இரண்டு பிளஸ் என்பதைப் பார்த்து மெட்ரோனிடசோல் மருந்தை ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆரோக்கியமாக இருக்கும் ஆமையின் குடலைக் காலிசெய்து நாம் என்ன சாதிக்கப் போகிறோம்? மூன்று மாதம் கழித்து இன்னொரு பரிசோதனை மட்டும் செய்து பாருங்கள். (சல்கேட்டா வெளிநாட்டு இனம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நட்சத்திர ஆமை என்றால் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இரண்டையும் மாற்றிச் சொல்லி விற்பவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.)

ஆனால் மொட்டைமாடியில் இரண்டும் சேர்ந்து உலாவுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஆமையிலிருந்து டிராகனுக்குப் போகக்கூடிய, உங்கள் அறிக்கையில் இல்லாத ஒன்று எனக்குக் கவலை தருகிறது. என்டமீபா இன்வேடன்ஸ் என்ற அமீபா. புல் தின்னும் ஆமைகள் அதை எந்த அறிகுறியும் இல்லாமல் சுமந்துகொண்டு திரியும். அதுவே பல்லி, பாம்புக்குள் போனால் குடலையும் ஈரலையும் அரித்துக் கொன்றுவிடும். மலத்தைக் கரைத்து முட்டைகளை மிதக்கவிட்டுப் பார்க்கும் சாதாரண மிதவைப் பரிசோதனையில் இது எளிதில் சிக்காது. சூடு ஆறாத புது மலத்தை உப்புநீரில் கலந்து உடனே நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நகர்வது தெரியும். டிராகனின் மலத்தில் ரத்தமோ சளியோ கண்டால் டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தொட்டி, தட்டு, தண்ணீர்க் கிண்ணம், சுத்தம் செய்யும் பிரஷ் எல்லாமே இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கட்டும். டிராகனை முதலில் கவனித்து, கை கழுவி, பிறகு ஆமை. அந்த வரிசையிலும் கைகழுவல்தான் முக்கியம்.

உங்கள் மகனுக்கு இந்த ஊசிப்புழுவும் வராது, இந்த ஐசோஸ்போராவும் வராது. மனிதக் குழந்தைகளுக்கு வரும் ஊசிப்புழு வேறு இனம், அது பிள்ளையிடமிருந்து பிள்ளைக்குத்தான் பரவுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தவறான காரணத்துக்காகப் பயந்தாலும், பயம் முழுக்கத் தவறில்லை. நிஜமான ஆபத்து சால்மனெல்லா. பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும் ஆமை, டிராகன் குடலிலும் அந்த பாக்டீரியா இருக்கும், மலத்தோடு வெளியே வரும், தோலிலும் ஓட்டிலும் ஒட்டியிருக்கும். மருந்து கொடுத்து அதை ஒழிக்க முயல்வதும் பயனற்றது. அமெரிக்காவில் 1975-லிருந்து நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைக்குட்டிகளைச் செல்லப்பிராணியாக விற்கத் தடை இருப்பதற்கு இதுதான் காரணம். பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஊர்வனவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பதுதான் மருத்துவர்களின் அறிவுரை. உங்கள் மகன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கட்டும். தொட்டுவிட்டான் என்றால் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். டிராகன் சோபாவிலும் சாப்பாட்டு மேஜையிலும் ஏறக்கூடாது, மகள் அதற்கு முத்தம் கொடுக்கக்கூடாது. இந்தக் கடைசி விதிக்கு வீட்டில் எதிர்ப்பு வரும் என்று தெரியும். பையனுக்குக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், குழந்தை மருத்துவரிடம் வீட்டில் ஆமையும் டிராகனும் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்து முடிந்த பிறகு செய்ய வேண்டியவை. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, வாரம் இருமுறை, காலையில், சாப்பிடுமுன் எடை போட்டு மகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைசி மருந்துக்கு இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. மலத்தின் பழுப்புப் பகுதி வேண்டும், கூடவே வரும் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பகுதியில் ஒன்றும் தெரியாது. காய்ந்த மலமும் வேண்டாம். மருந்துக் கடையில் விற்கும் மூடியுள்ள மலப்பரிசோதனை டப்பாவில், அன்றைய மலத்தை, இரண்டு சொட்டுத் தண்ணீரோடு போட்டு அன்றே கொடுத்துவிடுங்கள். அங்கே ஊர்வன பார்த்துப் பழக்கமில்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஒட்டுண்ணியியல் துறையை அணுகச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சென்னை வாசகர்களுக்கு வேப்பேரி கல்லூரி இருக்கிறது. ஒரு முறை 'இல்லை' என்று வந்தால் போதாது, இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறையும் இல்லை என்று வர வேண்டும். காக்சிடியா உறைகள் தினமும் ஒரே சீராக வெளியே வருவதில்லை.

மருந்தும் சுத்தமும் சரியாக நடந்தும் எண்ணிக்கை இறங்காமலே இருந்தால், பியர்டட் டிராகன்களைத் தாக்கும் அடினோவைரஸைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும். அது எதிர்ப்புச் சக்தியைக் குலைத்து, காக்சிடியாவுக்குக் கதவைத் திறந்துவிடும். அதற்கு பி.சி.ஆர். பரிசோதனைதான் வழி, மருந்து கிடையாது. இப்போதே அந்தக் கவலை வேண்டாம்.

இவற்றில் ஏதாவது கண்டால் மட்டும் காத்திருக்காதீர்கள்: மலத்தில் ரத்தம், கண் குழிந்துபோதல், ஒரே வாரத்தில் பதினைந்து இருபது கிராம் இறங்குதல், பின்துளை வழியே சிவப்பாகக் குடல் பிதுங்கி நிற்பது. கடைசியாகச் சொன்னது முக்கி முக்கிக் கழியும் குட்டிகளுக்கு வரும். வந்தால் கையால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் போட்டு, காயவிடாமல், அதே மணி நேரத்தில் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை வீக்கத்து நீரை இழுத்துச் சற்றுச் சுருக்கும்.

கொழுந்தனார் வாங்கித் தருவதாகச் சொன்ன இரண்டாவது டிராகனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இவை தனிமையில் வாழும் இனம், துணைக்கு ஏங்குவதில்லை. ஒரே தொட்டியில் இரண்டை விட்டால் வலுத்தது விளக்கடியைப் பிடித்துக்கொள்ளும், இளைத்தது குளிர்ந்த மூலையில் கிடந்து இன்னும் இளைக்கும். காக்சிடியா ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும். முன்பணம் கொடுத்தாகிவிட்டது, வாங்கியே தீர வேண்டும் என்றால் அது வேறு அறையில், வேறு தொட்டியில், வேறு பிரஷ்ஷோடு மூன்று மாதம் இருக்கட்டும். அந்த மூன்று மாதத்தில் மூன்று மலப் பரிசோதனை. முதல் பரிசோதனைச் செலவைக் கொழுந்தனாரையே ஏற்கச் சொல்லுங்கள்.